நீச்சல் குளத்தில் கழுத்து எலும்பு முறிந்த பிள்ளை: கரையிலிருந்து மதுரை வரை

கல்யாணத்துக்கு வந்த சொந்தங்கள் எல்லோரும் கானாடுகாத்தானில், பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றை விடுதியாக மாற்றிய இடத்தில் தங்கியிருந்தோம். பின்கட்டைத் தாண்டினால் தோட்டம், அதற்குள் ஒரு நீச்சல் குளம். என் அண்ணன் மகன் கிணற்றில் குதித்தே நீச்சல் பழகியவன். அதே பழக்கத்தில் கரையில் நின்று டைவ் அடித்தான். அந்த இடத்தில் ஆழம் 4 அடிதான். கரையில் எங்கேயும் ஆழம் எழுதியிருக்கவில்லை.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய ஆபத்து என்று நினைக்கிறேன். கிணறு என்றால் இரண்டு மூன்று ஆள் ஆழம் இருக்கும். தலைகீழாகப் போனாலும் திரும்பி மேலே வர இடம் உண்டு. குளத்தில் அது கிடையாது. 9 அடிக்குக் குறைவான தண்ணீரில் தலைகீழாகக் குதிக்கவே கூடாது என்கிறது அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம். விடுதிக் குளங்கள் பலவற்றில் அந்த ஆழம் எங்குமே இருக்காது.

பையன் குப்புற மிதந்தான். நாங்கள் எல்லோரும் கத்தினோம். குளத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பி மட்டும் கத்தவில்லை. குதிக்காமல், அலை எழும்பாமல் மெல்ல இறங்கினார். பையனின் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே நீட்டி, மேல்கைகள் காதோடு ஒட்டும்படி அழுத்திப் பிடித்தார். தலை அசையாதபடி உடம்போடு சேர்த்தே மல்லாக்கத் திருப்பினார். பையனுக்கு மூச்சு இருந்தது, பேசினான். "அத்தை, கையில எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு" என்றான். நெற்றிக்கு மேலே ரத்தம்.

அப்பத்தா கரையில் நின்று, "பிள்ளையத் தூக்கி வெளிய போடுங்கப்பா" என்று அழுதார்கள். ஆளுக்கொரு கை பிடித்துத் தூக்கப் பெரியவர்கள் இறங்கவும் செய்தார்கள். "மூச்சு இருக்கு, யாரும் தூக்காதீங்க" என்று அந்தத் தம்பி தடுத்தார். முறிந்த எலும்பு அசைந்து தண்டுவடத்தை நசுக்கினால் கை கால் நிரந்தரமாக விழுந்துவிடலாம். மூச்சு நின்றிருந்தால் கதை வேறு: அப்போது மூச்சுக் கொடுப்பதுதான் முதல் வேலை, கழுத்து அப்புறம்தான். இவனுக்கு மூச்சு இருந்ததால் 108 வரும்வரை தண்ணீரிலேயே மிதக்கவைத்துப் பிடித்திருந்தோம். 108-ல் வந்தவர்கள் கழுத்துக்குக் காலர் மாட்டி, பலகையைத் தண்ணீருக்குள் செருகி, கட்டி, அப்படியே வெளியே எடுத்தார்கள்.

காரைக்குடி அரசு மருத்துவமனையில் முதலில் விபத்துப் பதிவேட்டில் எழுதினார்கள். வழியிலேயே விடுதிக்காரர் ஒருவர், "குளம்னு சொல்லாதீங்க, வழுக்கி விழுந்ததாச் சொல்லுங்க" என்று கேட்டிருந்தார். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. ஆழம் குறைந்த குளத்தில் தலை தரையில் இடித்தது என்று நடந்ததை அப்படியே சொன்னார். அது எவ்வளவு நல்லதாகப் போயிற்று! மருத்துவர் அதைக் கேட்டதும் நெற்றிக் காயத்தோடு நிறுத்தாமல் கழுத்துக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கழுத்தின் 7 எலும்புகளில் ஐந்தாவதில் முறிவு. நெற்றிக்குத் தையல், டெட்டனஸ் ஊசி, அப்புறம் மதுரை.

மதுரையில் எம்.ஆர்.ஐ. பார்த்து, தண்டுவடம் தப்பிவிட்டது, அறுவை தேவையில்லை என்றார்கள். அண்ணி அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு மாதக்கணக்கில் கெட்டிக் காலர். கத்திரி வெயிலில் அதுதான் பெரிய பாடு. தாடைக்கடியில் வியர்த்துத் தோல் உரிந்தது. தினமும் அவனை மட்டமாகப் படுக்கவைத்து, அண்ணன் இரண்டு கைகளாலும் தலையை அசையாமல் பிடிக்க, நான் காலரின் முன்பக்கத்தை மட்டும் கழற்றி ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலர்த்தி, உள்பஞ்சை மாற்றுவேன். இதை எப்படிச் செய்வது என்று டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே வார்டு நர்ஸிடம் கேட்டு, அவர் எதிரிலேயே செய்து பழகிக்கொள்ளுங்கள். தலைக்குக் குளிப்பாட்டுவதை மருத்துவர் சொல்லும்வரை மறந்துவிட வேண்டும்.

காப்பீட்டுக்கு டிஸ்சார்ஜ் சம்மரி, அசல் பில்கள், ஸ்கேன் அறிக்கை எல்லாம் கொடுத்தோம். அவர்கள் விடாமல் கேட்டது ஏ.ஆர். காப்பி, அதாவது அந்த விபத்துப் பதிவேட்டின் நகல். அதிலும் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் காரணம் ஒன்றாகவே இருந்ததால் கேள்வி எழவில்லை. பணம் தாமதமாக வந்தாலும் வந்துவிட்டது.

விடுதிக்கு அண்ணன் எழுத்துமூலமாகவே கொடுத்தார்: கரை நெடுக ஆழத்தை எழுதுங்கள், டைவ் அடிக்கக் கூடாது என்று பலகை வையுங்கள், அடிபட்டவரை அசையாமல் கட்டித் தூக்கும் முதுகெலும்புப் பலகை ஒன்று வாங்கி வையுங்கள். முதல் இரண்டும் செய்துவிட்டார்கள். மூன்றாவதற்கு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.