பயாப்சி ரிப்போர்ட்டும் எஸ்ட்ராடியால் டெஸ்டும்

மார்பகப் புற்றுநோய் என்று உறுதியானதும் வீட்டில் ஆளாளுக்குச் சொன்னது, "ரத்தத்துல ஹார்மோன் டெஸ்ட் எடுத்துடு, எவ்வளவு முத்தியிருக்குன்னு தெரிஞ்சிடும்" என்பதுதான். டாக்டரிடம் கேட்டேன். "மாதவிடாய் நிக்காத வயசுல அந்த அளவு நாளுக்கு நாள் ஏறி இறங்கும்மா. அதை வெச்சு தீவிரத்தைச் சொல்ல முடியாது" என்றவர், பயாப்சி ரிப்போர்ட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

ஈஆர் (ஈஸ்ட்ரோஜன் ஏற்பி) 90%, பிஆர் (புரோஜெஸ்ட்ரோன் ஏற்பி) 60%. நோய்தான் 90% முற்றிவிட்டது என்று அக்கா அழுதே விட்டாள். உண்மையில் அது ஆறுதலான எண். கட்டியின் செல்களில் 100-க்கு 90-இல் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கிறது, ஹார்மோன் மாத்திரைக்கு அது கட்டுப்பட வாய்ப்பு அதிகம் என்று பொருள். 1% இருந்தாலே பாசிட்டிவ் கணக்குதானாம்.

வேகத்தைச் சொன்னவை வேறு வரிகள். செல்களின் அமைப்பு, உட்கருவின் தோற்றம், பிளவுபடும் வேகம் மூன்றுக்கும் தலா 3 வரை மதிப்பெண். எனக்குக் கூட்டுத்தொகை 7, அதாவது மூன்று கிரேடுகளில் நடுவிலுள்ள கிரேடு 2. செல்லை வளரத் தூண்டும் ஹெர்2 என்ற புரதம் மட்டும் 2+ என்று இரண்டுங்கெட்டானாக வந்ததால், அதன் மரபணு கூடுதலாக இருக்கிறதா என்று பார்க்கும் ஃபிஷ் டெஸ்டுக்கு அனுப்பினார்கள். கீமோவைவிட அந்த ரிசல்ட்டுக்குக் காத்திருந்ததுதான் கொடுமை. நெகட்டிவ். எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைக் கட்டியின் அளவும் அக்குள் நெறிக்கட்டிகளும் ஸ்கேனும் சொல்லின.

ரத்த ஹார்மோன் டெஸ்டுக்கு வேளை வந்தது கீமோ முடிந்தபிறகு. மாதவிடாய் நின்றிருந்தது. உடம்பில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதைக் குறைக்கும் லெட்ரோசோல் மாத்திரையைத் தொடங்கலாம் என்று நான் நினைக்க, டாக்டர் எஸ்ட்ராடியால் (ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வகை), எஃப்எஸ்ஹெச் (சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்) இரண்டுக்கும் டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். சினைப்பை இயங்கிக்கொண்டிருந்தால் அந்த மாத்திரையால் பலனில்லை. கீமோவால் மாதவிடாய் நின்றாலும் சினைப்பை திரும்ப விழித்துக்கொள்ளலாம். என் விஷயத்தில் அப்படித்தான். மாதவிடாய் வரவில்லை, எஸ்ட்ராடியால் மட்டும் தாராளமாக இருந்தது. அதனால் முதலில் சினைப்பையை அடக்கும் கோசரலின் ஊசி, 28 நாளுக்கு ஒருமுறை வயிற்றுத் தோலுக்கடியில். ஊசி கொஞ்சம் தடிமன்தான், மரத்துப்போகும் கிரீம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் ரத்தம் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். சில ஹார்மோன் டெஸ்ட் முடிவுகளை அது மாற்றிக் காட்டும். சினைப்பை அடங்கியபின் மிகக் குறைந்த அளவைச் சரியாகக் காட்ட மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறை நல்லது என்று டாக்டர் சீட்டிலேயே குறித்துக் கொடுத்தார். அதில் எஸ்ட்ராடியால் நன்றாக இறங்கியிருந்தது. மாத்திரை தொடங்கியாயிற்று. காலையில் எழும்போது விரல் மூட்டெல்லாம் பிடித்துக்கொள்கிறது, அது தனிக்கதை.