பங்குத் தாள்களும் ஒரு பிஸ்கட் டப்பாவும்

மார்ச் 4, 2024, திங்கள்

காலையில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. நேற்று இரண்டு பக்கெட் பிடித்து வைத்திருந்ததால் பிழைத்தோம். ஜோகன்னஸ்பர்க்கில் பாதிப் பேர் இன்று குளிக்காமல்தான் வேலைக்கு வந்திருப்பார்கள். ஆபீஸ் லிஃப்டில் சென்ட் வாசனை வழக்கத்தை விடத் தூக்கல்.

இன்று நான் பார்த்தது ஒரு பத்து நிமிஷத்தை. பார்த்து முடிக்க ஒன்பது மணி நேரம் ஆயிற்று. இங்கே பங்குச் சந்தை காலை 9 மணிக்குத் திறக்கும். மாலை 4.50க்கு வழக்கமான வியாபாரம் நின்று, 5 மணி வரை இறுதி ஏலம். அந்த ஏலத்தில் படிகிற விலைதான் அன்றைய இறுதி விலை. பென்ஷன் ஃபண்டு முதல் ஃபண்டு மேனேஜரின் கட்டணம் வரை எல்லாக் கணக்கும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. எங்கள் கட்சிக்காரர் ஒரு டிரேடர், வயது முப்பதைத் தாண்டவில்லை. மாதக் கடைசி நாளில், ஏலம் முடிய ஒன்றரை நிமிஷம் இருக்கும்போது, யாரும் சீண்டாத ஒரு பங்கை வாங்க வரிசையாக ஆர்டர் போட்டிருக்கிறார். (ஆளும் பங்கும் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) அவருக்குப் பங்கு வேண்டியிருந்ததா, விலை வேண்டியிருந்ததா? கேஸே அவ்வளவுதான். 2012ஆம் வருஷத்து நிதிச் சந்தைச் சட்டம், செயற்கையாக விலையை ஏற்றுவதைத் தடுக்கும் 80ஆம் பிரிவு.

"எனக்குப் பங்கு பிடித்திருந்தது மேடம்" என்கிறார். பிடித்திருந்தால் காலை பத்து மணிக்கே மலிவாக வாங்கியிருக்கலாமே என்று நான் கேட்கவில்லை. எதிர்த்தரப்பு கேட்கும்.

மார்ச் 9, சனி

லெனேசியா கோயில் கூடத்தில் தமிழ் வகுப்பு. பதினோரு பிள்ளைகள். நிறவெறிக் காலத்தில் இந்தியர்களை நகரத்துக்குத் தெற்கே தள்ளி உருவாக்கிய ஊர் இது. நாலைந்து தலைமுறைக்கு முன் தமிழ் பேசி வந்தவர்களின் பிள்ளைகள் இப்போது வீட்டில் பேசுவது இங்கிலீஷ். ஆயா, தாத்தா, பெரியம்மா, கஞ்சி, காவடி, மஞ்சத்தண்ணி என்று சொற்கள் மட்டும் தங்கிவிட்டன. வருஷம் முழுக்க நான் நடத்துவது உயிரெழுத்துதான். ழகரம் வந்தால் ஜூன் மாதம் கொண்டாடுவேன்.

வகுப்பு முடிந்ததும் ஒரு ஆன்ட்டி காத்திருந்தார். ரிட்டயர்டு டீச்சர், எழுபதைத் தாண்டியவர். கையில் சதுரமான பழைய பிஸ்கட் டப்பா. "மை கேர்ல், நீ ஷேர் லாயராமே." மூடியைத் திறந்தால் பிஸ்கட் வாசனை இன்னும் போகவில்லை. உள்ளே புரோக்கர் அனுப்பிய தாள்கள், டிவிடெண்ட் கடிதங்கள், ரப்பர் பேண்டு போட்ட கட்டுகள். போன வருஷம் இறந்த அங்கிள் சேர்த்து வைத்தவை. அவர் தபால் ஆபீசில் வேலை பார்த்தவர். பேப்பரில் பங்கு விலைப் பக்கத்தை ரூலர் வைத்துப் படிப்பாராம்.

டப்பாவில் பெரிய கட்டு, மண்ணாய்ப் போன ஒரு கம்பெனியுடையது. டைரக்டர்கள் கணக்கில் பொய் சொன்னது வெளியே வந்ததும் பங்கு விலை செண்டுகளுக்கு இறங்கிவிட்டது. "யார் மேல கேஸ் போடணும், சொல்லு" என்றார் ஆன்ட்டி.

யார் மேலும் போட முடியாது என்பதை எப்படிச் சொல்வது? 1843ல் இங்கிலாந்தில் ஃபாஸ் எதிர் ஹார்பாட்டில் என்று ஒரு தீர்ப்பு. கம்பெனிக்கு இழைத்த தீங்குக்கு வழக்குப் போட வேண்டியது கம்பெனிதான், பங்குதாரர் அல்ல. அதன் வாரிசுகள் இன்னும் இங்கே குடித்தனம் பண்ணுகின்றன. 2020ல், கணக்கு மோசடியில் சரிந்த ஸ்டைன்ஹாஃப் கம்பெனியின் பங்குதாரர்கள் எல்லோரையும் சேர்த்து ஒரே குழு வழக்காக நடத்த அனுமதி கேட்டபோது நீதிபதி அன்டர்ஹால்டர் மறுத்துவிட்டார். டைரக்டரின் கடமை கம்பெனிக்கு, தனித்தனிப் பங்குதாரருக்கு அல்ல என்பது அதில் முக்கியமான காரணம். அதே வருஷம் ஆப்பிரிக்கன் பேங்கின் தாய் நிறுவனப் பங்குதாரர்கள் போட்ட வழக்கிலும், புளூம்ஃபொன்டெயினில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் கிட்டத்தட்ட இதையே சொன்னது. பங்கு விலை விழுந்தது கம்பெனியின் நஷ்டத்துடைய நிழல், நிழலுக்குத் தனியாக இழப்பீடு கிடையாது.

ஆன்ட்டியிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. ஸ்டாக்வெல்லை வைத்துச் சொன்னேன். நம்ம ஊர் சீட்டு மாதிரிதான் அது. சீட்டுப் பிடித்தவர் ஓடினால் அவர் வீட்டு வாசலில் போய் உட்காரலாம், கத்தலாம். கம்பெனி விஷயத்தில் அந்த வாசலுக்கு முதலில் போக வேண்டியது கம்பெனி. கம்பெனியே செத்துக் கிடந்தால் கடன்காரர்கள் வரிசையில் கடைசி ஆள் பங்குதாரர்.

"ஷேம்" என்றார். இந்த ஊரில் ஷேம் என்றால் வெட்கமில்லை, ஐயோ பாவம் என்று அர்த்தம். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. என்னைத்தான் சொன்னார் போலிருந்தது.

டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார், "சும்மா பார்த்து வை" என்று.

மார்ச் 13, புதன்

பிரிச்சர்ட் தெருவில் ஹைகோர்ட். வேறொரு வழக்கு, வாய்தா. நான் அட்டர்னி, வாதாடுவது அட்வகேட். கட்சிக்காரரைப் பார்ப்பது, கடிதம் எழுதுவது, ஆவணம் தயாரிப்பது என் பாடு. எழுந்து நின்று "மை லேடி" என்பது அவர் பாடு. அட்டர்னியும் அனுமதி வாங்கி ஹைகோர்ட்டில் பேசலாம்தான், ஆனால் பழக்கம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. சென்னையில் கருப்பு அங்கி போட்டுக்கொண்டு நானே கத்திய நாட்களை நினைத்தால் கொஞ்சம் ஏக்கம். அப்போது புரோக்கர்களுக்காக செபி நோட்டீசுகளுக்குப் பதில் எழுதினேன், மும்பையில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு சீனியரின் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கல்யாணமாகி இங்கே வந்தபோது அந்தப் பட்டம் செல்லாக் காசு. யூனிசா பல்கலைக்கழகத்தில் தபால் வழியாக எல்எல்பி திரும்பவும் முதலில் இருந்து, அப்புறம் இரண்டு வருஷம் ஆர்ட்டிகிள்ஸ் என்கிற வக்கீல் பயிற்சி. நிரந்தர வசிப்புரிமை கைக்கு வந்த பிறகுதான் பதிவு. குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால்தான் வக்கீல் என்ற விதியை 2022ல் அரசமைப்பு நீதிமன்றமும் சரி என்றுவிட்டது. என்னுடன் படித்த ஜிம்பாப்வே பையன், என்னை விட நல்ல மார்க், இன்னும் லீகல் அட்வைசர் என்ற பெயரில் பக்கத்து பில்டிங்கில் இருக்கிறான்.

திரும்பும் வழியில் காந்தி சதுக்கம். வக்கீல் அங்கியோடு இளம் காந்தி, சுற்றிலும் பஸ்கள். 1903ல் அவரும் இந்த ஊரில் அட்டர்னியாகத்தான் பதிவு செய்தார். சிலையின் நிழலில் ஒருவர் சிம் கார்டு விற்றுக்கொண்டிருந்தார்.

மார்ச் 20, புதன்

மதியத்துக்கு மேல் ஆபீசில் ஒருவரும் வேலை பார்க்கவில்லை. ஸ்டைன்ஹாஃபின் முன்னாள் தலைமை நிர்வாகி மார்க்கஸ் யூஸ்டேவுக்கு, நிதித் துறை நடத்தை ஆணையம் 47.5 கோடி ராண்டு அபராதம் போட்டிருக்கிறது. பொய்யான, தவறாக வழிநடத்தும் நிதி அறிக்கைகளுக்காக, அதே நிதிச் சந்தைச் சட்டத்தின் 81ஆம் பிரிவில். 2017 டிசம்பர் 5 அன்று அவர் ராஜினாமா செய்தார், மறுநாள் ஒரே நாளில் பங்கு விலை 60 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. அன்று நான் ஆர்ட்டிகிள்ஸ் முடிக்கும் தறுவாயில் இருந்தேன். ஆபீசில் எல்லோரும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம், கிரிக்கெட்டில் கடைசி ஓவர் பார்ப்பது போல. சரிவுக்குச் சில நாள் முன் அவர் நண்பர்களுக்கு அனுப்பிய எஸ்எம்எஸ்சுக்காக 2020ல் தனியாக 16 கோடி ராண்டுக்கு மேல் ஒரு அபராதம் போட்டார்கள். நிதிச் சேவைகள் தீர்ப்பாயம் அதை ரத்து செய்து மறுபடி யோசிக்கச் சொன்னது. ஆறு வருஷமாக இந்தக் கேஸைத் தின்றுதான் இந்தத் துறையே வளர்ந்தது என்று சொன்னால் மிகையில்லை. நானும் தின்றேன்.

மார்ச் 22, வெள்ளி

நேற்று யூஸ்டே இறந்துவிட்டார். நேற்று விடுமுறை நாள். இன்று ஆபீசில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. ஜூனியர் மட்டும் "இனி அந்த ஃபைல் என்னாகும்?" என்று மெதுவாகக் கேட்டாள். சீனியர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மார்ச் 29, பெரிய வெள்ளி

லீவு. டர்பன் பக்கம் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் இன்று கூட்டம் அலைமோதும். கரும்புத் தோட்டக் காலத்தில் ஈஸ்டருக்குத்தான் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தது, அம்மனும் அந்தத் தேதிக்கு வந்துவிட்டாள் என்று சொல்வார்கள். நான் எங்கும் போகவில்லை. டப்பாவைத் திறந்தேன்.

அடியில் தனியாக ஒரு புரோக்கர் தாள். 2015, வேறொரு கம்பெனி, 400 பங்கு, ஒன்று 61 ராண்டு வீதம். அந்தக் கம்பெனிப் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதன் அதிகாரி ஒருவர், லாபம் விழப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்து, அறிவிப்புக்கு முன் மூன்று நாள் தன் பங்குகளை விற்றவர். வழக்கு வருஷக்கணக்கில் இழுத்து, போன மாதம்தான் முடிந்து, பாதிக்கப்பட்டவர்கள் மனுச் செய்யலாம் என்று அறிவிப்பு வந்தது.

இது 82ஆம் பிரிவு. உள்தகவல் வியாபாரத்தில் மாட்டியவர், தவிர்த்த நஷ்டத்தைக் கட்ட வேண்டும், அதற்கு மேல் அதைப் போலப் பல மடங்கு கட்ட வேண்டி வரலாம், வட்டியும் செலவும் வேறு. செலவு போக மிச்சம், அந்த வியாபாரத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு. டைரக்டரின் கடமை யாருக்கு என்ற பழைய பாட்டெல்லாம் இங்கே வேண்டாம். அவர் விற்ற நாளில் நீ வாங்கினாயா, அதுதான் கேள்வி.

தாளில் தடித்த எழுத்தில் இருந்த தேதியைப் பார்த்தேன். அறிவிப்பு வந்து இரண்டு நாளுக்குப் பிந்தைய தேதி. சரி, இதுவும் போச்சு. ஆன்ட்டிக்கு வாட்ஸ்அப்பில் வருத்தம் தெரிவித்து அனுப்பிவிட்டேன்.

இரவு பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. அது செட்டில்மெண்ட் தேதி! 2016 ஜூலைக்கு முன்னால் இந்தச் சந்தையில் வியாபாரம் முடிந்து ஐந்தாவது வேலை நாளில்தான் பணமும் பங்கும் கை மாறும். அப்புறம்தான் அதை மூன்று நாளாக்கினார்கள். ஈரக்கையோடு ஓடிப் போய்ப் பார்த்தால், மேல் மூலையில் பொடி எழுத்தில் வியாபாரத் தேதி. அதிகாரி விற்ற இரண்டாம் நாள். பதினைந்து வருஷமாக இதே தொழில், இந்தத் தப்பை ஒரு ஆர்ட்டிகிள்ஸ் பிள்ளை செய்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியும்.

ஏப்ரல் 2, செவ்வாய்

முதல் வேலையாக ஆபீசில் கான்ஃபிளிக்ட் பார்த்தேன். அந்த அதிகாரிக்கோ கம்பெனிக்கோ எங்கள் ஆட்கள் ஆஜரானதில்லை, தப்பித்தோம். ஆன்ட்டிக்கு ஃபீஸ் இல்லாமல் செய்ய சீனியர் தலையாட்டினார். "எவ்வளவு வரும்?" என்றார். அறிவிப்புக்குப் பின் விலை 38 ஆனது. 400 பங்குக்கு நஷ்டம் 9,200 ராண்டு. எத்தனை பேர் மனுச் செய்கிறார்களோ, அதைப் பொறுத்துக் கையில் கிடைப்பது. "என் ஒன்றரை மணி நேரம்" என்று சொல்லிவிட்டுப் போனார். சரியாகச் சொன்னால் இரண்டு மணி நேரம், ஆனால் மறுக்கவில்லை.

டிரேடர் பையன் ஃபோன் செய்தார். அவருடைய போனஸ் அந்த மாதக் கடைசி விலையை வைத்துத்தான் கணக்காகுமாம், இப்போதுதான் ஞாபகம் வந்ததாம்.

ஏப்ரல் 6, சனி

வகுப்புக்குப் பின் ஆன்ட்டியும் நானும் லெனேசியா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். பிரமாணப் பத்திரத்தில் என் ஆபீஸ் ஆளே முத்திரை போடக்கூடாது, சம்பந்தமில்லாதவர் வேண்டும். இந்த ஊரில் அதற்குப் போலீஸ்காரர்தான் சுலபம். நகல் சான்று வாங்க முன்னால் இருபது பேர். கவுண்டரில் இருந்த இளம்பெண் கேட்டார்: இதில் உள்ளது புரிகிறதா, சத்தியம் செய்ய ஆட்சேபமுண்டா, அது உங்கள் மனசாட்சியைக் கட்டுப்படுத்துமா? ஆன்ட்டி வகுப்பறைக் குரலில் "எஸ், நோ, எஸ்" என்றார். கையெழுத்துப் போடும் முன் பத்திரத்தில் இரண்டு இடத்தில் கமாவைத் திருத்தினார். திருத்திய இடங்களில் எல்லோரும் சின்னக் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. வரிசை எங்களை முறைத்தது.

ஏப்ரல் 12, வெள்ளி

மனுவை நிர்வகிப்பவர்களிடமிருந்து கேள்வி. இணைத்த புரோக்கர் தாளின் தலையில், நடுவில், பேனாவால் ஒரு குறி இருக்கிறது. இரண்டு என்ற எண் போலத் தெரிகிறது. வியாபாரம் இரண்டு பகுதியாக நடந்ததா? இது புரோக்கரின் குறியா, வாடிக்கையாளருடையதா? கையால் எழுதியதை எல்லாம் விளக்கவும்.

ஜூனியரும் அதைத்தான் நினைத்திருக்கிறாள். நான் டப்பாவை எடுத்து மற்றத் தாள்களைப் புரட்டினேன். எல்லாவற்றிலும் இருந்தது. டிவிடெண்ட் கடிதத்தில், மின்சார பில்லில், மண்ணாய்ப் போன கம்பெனியின் ஒவ்வொரு தாளிலும். இத்தனை நாள் பார்த்தும் கண்ணில் படாமல் போனது, எனக்கு அது அவ்வளவு பழக்கம் என்பதால்தான்.

ஆன்ட்டிக்கு ஃபோன் போட்டேன். "அதுவா, அவங்க அப்பா கத்துக் கொடுத்த டிக் மார்க். ஏன், தப்பா?" என்றார். அங்கிளுக்குத் தமிழில் ஒரு எழுத்துகூடத் தெரியாதாம்.

"ஒரு எழுத்து தெரியும் ஆன்ட்டி" என்றேன்.

அப்புறம் துணைப் பிரமாணப் பத்திரம் எழுத உட்கார்ந்தேன். இங்கிலீஷில், எண் போட்ட பத்திகளாக. நான்காம் பத்தி: தாளின் தலையில் உள்ள குறி எண் அல்ல, வியாபாரத்தின் அளவையோ நேரத்தையோ விலையையோ அது குறிப்பதில்லை, அது தமிழ் எழுத்தாகிய உகரம், எதையும் எழுதத் தொடங்கும் முன் விக்கினங்கள் விலகும்படி பிள்ளையாரை நினைத்து இடுவது, காலஞ்சென்றவர் தம் தந்தையிடம் கற்றது. சீனியர் படித்துவிட்டு "விக்கினங்கள்" வரும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் "ஆதாரம்?" என்று எழுதி அனுப்பியிருக்கிறார்.

திங்கட்கிழமை மறுபடி லெனேசியா போலீஸ் ஸ்டேஷன்.