உவர்மலை வீட்டு சிஎன்சி: லிமிட் சுவிட்ச் தொல்லை தீர்ந்த விதம்

திருகோணமலை உவர்மலை வீட்டில் நான் கட்டிய சிஎன்சி மெசின் (கணினிக் கட்டளைப்படி மரம் வெட்டுவது) இப்போது ஒன்றரை அடிப் பெயர்ப்பலகை ஒன்றை இடையில் நிற்காமல் வெட்டி முடிக்கிறது. போன மாரி முழுக்க அது நடக்கவில்லை. பலகை பாதியில் இருக்கும்போது "அலாரம் 1" என்று காட்டிவிட்டு நின்றுவிடும். மெசினை ஓட்டும் மென்பொருளான ஜிஆர்பிஎல் பாவிப்பவர்களுக்குத் தெரியும், அலாரம் 1 என்றால் ஏதோ ஒரு லிமிட் சுவிட்ச், அதாவது அச்சின் எல்லையில் இருக்கும் சுவிட்ச், தட்டுப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் வெட்டும் பிட்டைச் சுழற்றும் ஸ்பின்டிலோ பலகைக்கு நடுவில் நிற்கும், எந்தச் சுவிட்சுக்கும் ஒரு சாண் தூரத்துக்குள் கூட இராது. இந்தக் குறிப்பு பெரும்பாலும் அதைப் பற்றித்தான். கடலோர ஊர்களில் இதே வேலையில் இறங்கியிருப்பவர்களுக்கு உதவும் என்று நம்புகிறேன்.

மெசின் விபரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெட்டும் பரப்பு 600க்கு 400 மில்லிமீட்டர். அலுமினியம் புரொஃபைல் சட்டம், மூன்று அச்சுக்கும் எஸ்எஃப்யூ1605 பால்ஸ்க்ரூ (சுழன்று அச்சை நகர்த்தும் திருகு), நீமா 23 மோட்டர், அதை ஓட்டும் டிபி6600 டிரைவர், கட்டளை கொடுக்கும் ஆர்டுயினோ யூனோ போர்டில் ஜிஆர்பிஎல் 1.1. ஸ்பின்டில் 500 வாட் பிரஷ் வகை. மோட்டர் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், டிரைவர் ஒவ்வொன்றையும் 8 மைக்ரோஸ்டெப்பாகப் பிரிக்கும், ஆக 1600. ஸ்க்ரூ ஒரு சுற்றில் 5 மி.மீ. நகர்த்தும். 1600ஐ 5ஆல் வகுத்தால் ஒரு மி.மீ.க்கு 320. ஜிஆர்பிஎல் அமைப்புகளான $100, $101, $102 மூன்றிலும் அதுதான் இருக்கிறது. சட்டத்தின் மூலைமட்டத்துக்கு ஒரு பக்கம் 300, மறுபக்கம் 400 குறித்து, குறுக்கே 500 வருகிறதா என்று பார்த்து இறுக்கினேன். பாதிச் சாமான் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கியது, மீதி சீனாவிலிருந்து தபாலில் வந்தது.

இதைக் கட்டியதே எழுத்து வெட்டத்தான். அயலில் தச்சுப் பட்டறை வைத்திருக்கும் மாமா முதிரைப் பலகையில் வீட்டுப் பெயர், கோவில் பெயர் என்று நிறைய ஓடர் எடுப்பவர். தமிழ் எழுத்தைப் போல ஒரு மெசினைச் சோதிக்க வேறொன்றும் வேண்டாம். "ண" ஒன்றை வெட்டிப் பாருங்கள். சுழிக்கு மேல் சுழி, ஒவ்வொன்றிலும் எக்ஸும் வையும் திசை மாறிக்கொண்டே இருக்கும். எங்காவது ஸ்டெப் தவறினாலோ ஸ்க்ரூவில் ஆட்டம் இருந்தாலோ தொடங்கிய இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் நடுவில் ஒரு சின்னப் படி தெரியும். வட்டமும் சதுரமும் வெட்டிப் பார்த்துத் திருப்திப்படுகிறவர்கள் இதையும் ஒரு தரம் செய்து பார்க்க வேண்டும்.

அந்தப் படி ஆரம்பத்தில் வை அச்சில் தெரிந்தது. அதைப் பிடிப்பது சுலபமாக இருந்தது. மோட்டர் தண்டு, அதை ஸ்க்ரூவோடு இணைக்கும் கப்ளிங், ஸ்க்ரூ மூன்றுக்கும் குறுக்கே மார்க்கரால் ஒரே கோடு இழுத்துவிட்டு வேகமாக முன்னும் பின்னும் ஓடவிட்டேன். தண்டிலிருந்த கோடும் கப்ளிங்கிலிருந்த கோடும் விலகிவிட்டன. தண்டு உருண்டை என்பதால் கப்ளிங்கை இறுக்கும் குட்டி ஸ்க்ரூ அதில் வழுக்கியிருக்கிறது. தண்டில் அரத்தால் ஒரு தட்டை முகம் எடுத்து, நூல்பூட்டும் பசை ஒரு சொட்டு விட்டு இறுக்கியதோடு அது முடிந்தது.

அலாரம் அப்படி முடியவில்லை. மாமாவின் பலகையில் வெட்டிக்கொண்டிருந்தபோது அவர்தான் முதலில் கவனித்தார். "தம்பி, மெசின் நிண்டிட்டுது. மரம் கருகுது, ஓடி வாரும்." ஸ்பின்டில் அப்போது கைச்சுவிட்சில்தான் இருந்தது. அலாரம் வந்தால் ஜிஆர்பிஎல் மோட்டர்களை நிறுத்திவிடும், ஆனால் வெட்டும் பிட் ஒரே இடத்தில் சுழன்றுகொண்டு நிற்கும். முதிரை கடினமான மரம், சூடு ஏறினால் சட்டென்று கறுத்துவிடும். இன்னொன்றும் உண்டு. ஓட்டத்தின் நடுவில் இந்த அலாரம் வந்தால் மெசின் தன் இடத்தை மறந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். திரும்ப ஹோமிங் செய்து (லிமிட் சுவிட்சைத் தொட்டு இடத்தைப் புதிதாக எடுத்து), பலகையின் தொடக்கப் புள்ளியைப் பிடித்து, விட்ட இடத்திலிருந்து ஜி-கோடை (மெசினுக்குரிய கட்டளை வரிகளை) தேடி எடுக்க வேண்டும். நல்ல பலகைக்கு இது பெரிய நட்டம்.

சரி, எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தேன். அதே ஜி-கோடை ஸ்பின்டிலைப் போடாமல் காற்றில் ஓடவிட்டால் அலாரம் இல்லை. ஸ்பின்டிலைப் போட்டு, மரத்தைத் தொடாமல் ஓடவிட்டால் வருகிறது, நேரம் காலம் இல்லாமல். ஆகவே வெட்டும் பாரம் காரணம் இல்லை, பிரஷ் மோட்டரின் தீப்பொறி எழுப்பும் மின் இரைச்சல்தான் காரணம். அடுத்து, ஆர்டுயினோ பக்கத்தில் லிமிட் வயர்களைக் கழற்றி, அவை சேரும் பின்களான (இணைப்பு முனைகளான) டி9, டி10, டி12 மூன்றையும் குட்டை வயரால் நேரே கிரவுண்டில் பிடித்துவிட்டு ஓடவிட்டேன். அலாரம் நின்றுவிட்டது. எக்ஸ் வயரை மட்டும் திரும்பக் கொடுத்ததும் வந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது கேள்விக்குறி அனுப்பினால் எந்தப் பின் தட்டுப்பட்டிருக்கிறது என்று ஜிஆர்பிஎல் பதிலில் சொல்லும். அதிலும் எக்ஸ்தான் மினுங்கி மினுங்கி மறைந்தது.

இரைச்சல் என்றால் எல்லாரும் உடனே சொல்வது, வயரைப் பிரித்து ஓடவிடு, உறை போட்ட கேபிள் போடு என்பதுதான். அது சரி, நானும் செய்தேன். ஆனால் எனக்கு விளங்காமல் இருந்தது வேறு. வை வயரும் அதே கேபிள் செயினில், அதே மோட்டர் வயர்களோடு ஒட்டித்தான் ஓடுகிறது. அதன் நீளம் இன்னும் கூட. பிறகு ஏன் எக்ஸ் மட்டும்?

மல்டிமீட்டரை எக்ஸ் வயரில் போட்டேன். என் சுவிட்சுகள் எல்லாம் வழக்கமாக மூடியிருப்பவை, ஒரு அச்சுக்கு இரண்டு, தொடராக இணைத்தவை. ஆகவே ஓம் கணக்கில் ஏறக்குறைய பூச்சியம் காட்ட வேண்டும். காட்டியது ஆறேழு கிலோ ஓம். சுவிட்சின் மேல் விரலால் தட்டினால் சில ஓமுக்கு இறங்கும், கொஞ்ச நேரத்தில் திரும்ப ஏறும். கடற்பக்கம் பார்த்திருக்கும் சுவிட்சைக் கழற்றி மூடியைத் திறந்தேன். உள்ளே தொடுமுனையில் கறுப்பாக ஒரு மெல்லிய படலம். வெளியே வயர் இறுக்கிய இடத்தில் செம்பு பச்சைக் களிம்பு பிடித்துப் பொடியாக உதிர்ந்தது. எங்கள் வீட்டுக்குக் கடல் கிட்ட. வாடை அடிக்கும் மாதங்களில் ஜன்னல் கம்பியையே துடைத்தால் விரலில் உப்புக் கரிக்கும்.

இங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. ஆர்டுயினோவின் பின்னில் உள்ளே இருக்கும், பின்னை 5 வோல்ட் பக்கம் இழுத்து வைக்கும் புல்-அப் ரெசிஸ்டர் 20 முதல் 50 கிலோ ஓம் வரை. 5 வோல்ட்டில் சுவிட்சின் ஊடாகப் போகும் கரண்ட் 0.1 முதல் 0.25 மில்லியம்பியர், அவ்வளவுதான். வெள்ளித் தொடுமுனைக்கு இது போதாது. ஒரு சுவிட்ச் மூடும்போது அதில் ஓரளவு கரண்ட் ஓடினால்தான் மேலே பிடித்த படலம் உடைந்து தொடுகை சுத்தமாக இருக்கும். இவ்வளவு குறைந்த கரண்ட்டில் படலம் அப்படியே இருந்து தடித்துக்கொண்டு போகும். கணக்கும் ஒத்து வந்தது. ஆறேழு கிலோ ஓம் இருந்தால் பின்னில் பூச்சியத்துக்குப் பதில் ஏறக்குறைய 0.8 வோல்ட் நிற்கும். அளந்தபோது அதே அளவுதான். ஆர்டுயினோவின் சிப் 3 வோல்ட்டை எட்டினால் "ஒன்று" என்று, அதாவது சுவிட்ச் திறந்துவிட்டது என்று நிச்சயமாக எடுத்துக்கொள்ளும். வை பின் பூச்சியத்திலிருந்து ஏற வேண்டும், எக்ஸ் பின் ஏற்கனவே வழியில் நிற்கிறது. ஸ்பின்டிலின் இரைச்சல் மீதியைத் தள்ளிவிடுகிறது. உப்புக் காற்றும் இரைச்சலும் சேர்ந்து செய்த வேலை.

ஜிஆர்பிஎல்லில் மென்பொருள் டிபவுன்ஸ் (கணநேரத் துடிப்பைக் கணக்கில் எடுக்காமல் விடும் வசதி) ஒன்று இருக்கிறது. இயல்பில் அணைந்திருக்கும். போட்டால் சுமார் 32 மில்லிசெக்கண்ட் கழித்துப் பின்னை மறுபடி பார்த்துவிட்டுத்தான் அலாரம் கொடுக்கும். அதைப் போட்டிருந்தால் மெசின் ஓடியிருக்கும். ஆனால் சுவிட்ச் உள்ளே கெட்டுக்கொண்டே போயிருக்கும், ஒரு நாள் மூடியும் மூடாத நிலையில் நின்றிருக்கும். ஆகவே நான் அதைத் தொடவில்லை.

செய்தது இதுதான். சுவிட்ச் வட்டத்தை 5 வோல்ட்டிலிருந்து 24 வோல்ட்டுக்கு மாற்றினேன், நடுவில் பிசி817 ஒப்டோகப்ளர் (ஒளியால் சைகையைக் கடத்தி, இரண்டு பக்கத்தையும் மின்னால் பிரித்து வைப்பது). 24 வோல்ட்டிலிருந்து 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர், இரண்டு சுவிட்சும், பிறகு ஒப்டோவின் எல்இடி. எல்இடி எடுக்கும் 1.2 வோல்ட்டைக் கழித்தால் மீதி 22.8; அதை 2.2 கிலோவால் வகுத்தால் 10 மில்லியம்பியருக்குச் சற்றுக் கூட. முன்பு ஓடியதைவிடக் குறைந்தது நாற்பது மடங்கு. தொடுமுனை சுத்தமாக இருக்க இது தாராளம். ரெசிஸ்டர் கால் வாட் எல்லையில் சூடாகும், அரை வாட் போடுங்கள். மறுபக்கம் டிரான்சிஸ்டரின் கலெக்டரிலிருந்து ஆர்டுயினோ பின்னுக்கு, 4.7 கிலோ ஓம் புல்-அப், பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் 100 நானோ ஃபராட் கெப்பாசிட்டர். இரண்டும் சேர்ந்து அரை மில்லிசெக்கண்ட் அளவுக்கு இழுத்துப் பிடிக்கும், ஊசி போன்ற ஸ்பைக் அதைத் தாண்டி வராது. சுவிட்ச் திறந்தால் பின்னின் வோல்ட் மேலே போகும், அதையே தட்டுப்பட்டதாக ஜிஆர்பிஎல் எடுக்க வேண்டும் என்பதால் $5=1. வயர் அறுந்தாலும் அலாரம் வரும், அது நல்லது.

இதில் கண்டிப்பாகப் பார்க்க வேண்டியது, 24 வோல்ட் பக்கத்து கிரவுண்டையும் ஆர்டுயினோ கிரவுண்டையும் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் ஒப்டோ போட்டதற்கே அர்த்தம் இல்லை. நான் மோட்டர் சப்ளையிலிருந்து எடுக்காமல் சின்ன 24 வோல்ட் அடப்டர் ஒன்றைத் தனியாக வைத்தேன்.

ஸ்பின்டில் பக்கமும் கொஞ்சம் வேலை செய்தேன். மோட்டரின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு 100 நானோ ஃபராட், ஒவ்வொரு முனையிலிருந்தும் உடம்புக்கு ஒன்று, ஆக மூன்று கெப்பாசிட்டர், சப்ளையைவிட நன்கு கூடிய வோல்ட்டுக்கு உரியவை. லிமிட் கேபிள் உறை போட்டது, உறையைப் பெட்டிப் பக்கம் மட்டும் எர்த் பண்ணி மறுமுனையை வெட்டி டேப் சுற்றிவிட்டேன். யுஎஸ்பி கேபிளைக் குட்டையாக்கி, இரைச்சலை அடக்கும் ஃபெரைட் மாட்டியதில், ஸ்பின்டில் போடும் கணத்தில் தொடர்பு அறுபடுவதும் நின்றது.

சுவிட்சுகளைப் புதிதாக மாற்றி, வயர் முனைகளை ஈயம் வைத்து மேலே சுருங்கும் குழாய் போட்டேன். கட்டுப்பாட்டுப் பெட்டியை விசிறியில்லாமல் முழுக்க மூடி, டிரைவர்களின் ஹீட்சிங்கை மட்டும் வெளியே விட்டு, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் வைத்திருக்கிறேன். விசிறி போட்டால் உப்பை நாமே உள்ளே இழுத்துக் கொடுப்பது போல ஆகிவிடும். பால்ஸ்க்ரூவுக்கும் தண்டவாளத்துக்கும் வேலை முடிந்த கையோடு தையல் மெசின் எண்ணெய் பூசிவிடுவேன். ஒரு வாரம் விட்டாலே செந்நிறப் புள்ளி வருகிற ஊர் இது.

அதன் பிறகு பொய் அலாரம் ஒன்றும் வரவில்லை. மழை கொட்டிய நாட்களிலும் ஓடவிட்டேன். எக்ஸ் வட்டத்தை இப்போது அளந்தால் சுவிட்ச் இரண்டும் சேர்த்து ஒரு ஓமுக்குள். ஹோமிங்கை டயல் கேஜ் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தால் ஊசி இரண்டு கோட்டுக்குள், அதாவது 0.02 மி.மீ.க்குள் திரும்பி வருகிறது. மாமாவின் பலகையில் "ண"வின் சுழிகள் மூடிவிட்டன. நகத்தால் தடவிப் பார்த்தார், படி தட்டவில்லை.

அடுத்தது ஸ்பின்டிலை டி11 பின் வழியாக ஜி-கோடுக்குக் கீழ் கொண்டுவருவது, அலாரம் வந்தால் அதுவும் சேர்ந்து நிற்கும். அதோடு பலகையின் மேல்மட்டத்தைத் தொட்டு அளக்கும் இசட் புரோப். புரோப் வயரும் நீளமானது, ஏ5 பின்னிலும் அதே பலவீனமான புல்-அப்தான். அதனால் நாலாவது பிசி817 ஒன்றை இப்போதே போர்டில் ஈயம் வைத்துவிட்டேன். புரோப் தொடும்போது எல்இடி எரிந்து பின் கீழே இறங்கும், ஜிஆர்பிஎல் இயல்பில் எதிர்பார்ப்பதும் அதுதான், புரோப்புக்குரிய அமைப்பான $6ஐ மாற்ற வேண்டியதில்லை.