ஒட்டுண்ணி அட்டை வாங்கும்போது விநியோகத் தேதியை நம்பாதீர்கள்

கரும்பைத் துளைக்கும் இடைக்கணுப் புழுவுக்கு டிரைக்கோகிரம்மா அட்டை கட்டும் வேலை ஒருவழியாகக் கடைசித் தவணையோடு முடிந்தது. டிரைக்கோகிரம்மா என்பது பூச்சி முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அதை அழிக்கும் பொடிக் குளவி; அது ஏறிய முட்டைகளை ஒட்டிய காகிதம்தான் அட்டை. பரிந்துரை தெரிந்ததுதான்: நான்காம் மாதத்திலிருந்து 15 நாளுக்கு ஒருமுறை, எக்டருக்கு 2.5 சிசி (கன சென்டிமீட்டர்) முட்டை, ஆறு தவணை. அதாவது ஏக்கருக்கு ஒரு சிசி. சர்க்கரை ஆலையின் கோட்ட அலுவலகத்தில் சீட்டு வாங்குவதில் சிரமம் ஒன்றுமில்லை. அட்டை கைக்கு வந்த பிறகுதான் வம்பு.

அட்டையின் பின்பக்கம் ஒரு தேதி முத்திரை இருக்கும். அது விநியோகத் தேதி. நமக்கு வேண்டியதோ ஆய்வகத்தில் கார்சைரா (அரிசி அந்துப்பூச்சி) முட்டை மேல் ஒட்டுண்ணியை விட்ட தேதி. அன்றிலிருந்து நான்காம் நாளுக்குள் முட்டை கறுக்கும். ஏழு, எட்டாம் நாளில் குளவி வெளியே வந்துவிடும். சீட்டு ஒரு நாள், விநியோகம் மூன்று நாள் கழித்து, நடுவில் ஒரு ஞாயிறு என்று இழுத்தால், வீட்டுக்கு வருவது வெறும் ஓடுதான். எங்களுக்கு முதலில் கிடைத்த கட்டு அப்படித்தான். அலுவலகத்தில் காட்டினால், "கறுப்பா இருக்குல்ல சார், அப்புறம் என்ன? கையெழுத்துப் போட்டுட்டீங்க, திருப்பி எடுக்க மாட்டோம்" என்றார் எழுத்தர்.

கறுப்பாக இருந்தால் போதாது. குளவி போன பின்னும் ஓடு கறுப்பாகவே இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ் ஒன்றைக் கொண்டுபோய், கையெழுத்துப் போடும் முன்பே அங்கேயே பாருங்கள். ஓட்டையில்லாமல் உப்பலாக, கறுப்பாக இருப்பது நல்ல முட்டை. உருண்டையாக ஒரு சிறு துளை தெரிந்தால் குளவி பறந்துபோய்விட்டது. வெளுத்துச் சுருங்கிக் கிடப்பவை ஒட்டுண்ணி ஏறாதவை. புற ஊதா விளக்கில் கரு கொல்லப்பட்டிருப்பதால் அவற்றால் கெடுதல் இல்லை. அட்டையில் பொடிப் புழு நெளிந்தால் மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். விளக்கில் சரியாகக் காட்டவில்லை என்று பொருள். அந்த கார்சைராப் புழு மற்ற முட்டைகளையும் தின்றுவிடும். ஒரு சிசி என்றால் 16,000 முதல் 20,000 முட்டை. நூற்றுக்கு எண்பதாவது கறுத்திருக்காவிட்டால் ஏக்கருக்கு ஒரு சிசி என்ற கணக்கே பொய்யாகிவிடும்.

விடாமல் கேட்டதில் இப்போது ஒட்டுண்ணி விட்ட தேதியை அட்டை ஓரத்தில் பேனாவால் எழுதித் தருகிறார்கள். கேட்காதவருக்கு இன்னமும் முத்திரை மட்டும்தான்.

கொண்டுவரும் வழியில் வெயில் படக்கூடாது. பேருந்துப் பார்சலில் எஞ்சின் பக்கத்தில் வைத்தால் கதை முடிந்தது. தெர்மோகோல் பெட்டியில் ஐஸைத் துணியில் சுற்றி வைத்து, அட்டையைக் காகித உறையில் போட்டு ஐஸைத் தொடாமல் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் அடைத்தால் வேர்த்து ஈரம் கோக்கும். உடனே கட்ட முடியாவிட்டால் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் சில நாள் வைக்கலாம். நாள் ஏற ஏற வெளிவரும் குளவி குறையும். ஐஸ் உறையும் மேல் அறையில் வைத்தால் எல்லாம் சாகும்.

ஒவ்வொரு கட்டிலிருந்தும் தபால் தலை அளவுத் துண்டு ஒன்றை வெட்டி, கண்ணாடிக் குப்பியில் போட்டு, வாயைப் பஞ்சால் அடைத்து நிழலில் வையுங்கள். குளவி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, ஆனால் வெளிச்சப் பக்கம் ஏறி ஓடுவது நன்றாகத் தெரியும். வராவிட்டால் அடுத்த முறை ஆய்வகத்தாரிடம் காட்ட அந்தக் குப்பியே சாட்சி.

கட்டுவதிலும் விஷயம் இருக்கிறது. இந்தக் குளவி தூரம் போகாது. பத்து மீட்டருக்கு ஒன்று என்று வைத்தால் ஏக்கருக்கு நாற்பது துண்டு வேண்டும். வரப்போரம் நாலு துண்டை மாட்டிவிட்டு வருவது வீண் வேலை. நடுவயலில் புகுந்து போகத்தான் வேண்டும். சோகை உரித்த வயலில் (5, 7ஆம் மாதங்களில் உரிப்பது புழுவைக் குறைக்கவும் நல்லது) நடப்பது எளிது. முட்டை இல்லாத இடைவெளியில் வெட்டி, முட்டை இல்லாத ஓரத்தில் ஸ்டேப்ளர் அடித்து, இலையின் அடிப்பக்கம் காலையில் மாட்டுங்கள்.

எறும்புதான் பெரிய திருடன். குளவி வர மூன்று நாள் இருக்கும்போதே கட்டினால் மறுநாள் வெற்று அட்டைதான் தொங்கும். குப்பித் துண்டில் ஒன்றிரண்டு குளவி வரத் தொடங்கியதும் அன்றே வயலுக்கு எடுத்துப் போவதுதான் எங்களுக்குக் கைகொடுத்தது.

மருந்துக் கடைக்காரர் "இது ஒட்டுண்ணியை ஒண்ணும் பண்ணாது" என்று எதையாவது நீட்டுவார். முன்னும் பின்னும் ஒரு வாரம் எந்தப் பூச்சிக்கொல்லியும் வேண்டாம். பக்கத்து வயல்காரரிடமும் சொல்லி வையுங்கள். எண்டோசல்பான் என்ற பூச்சிக்கொல்லியைத் தாங்கும் டிரைக்கோகிரம்மாவைக்கூட பெங்களூரில் தேர்ந்தெடுத்து உருவாக்கினார்கள், எண்டோகிராம் என்று பெயர். ஆனால் 2011இல் உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானையே நிறுத்திவிட்டதால், அதைச் சொல்லியும் மருந்தடிக்க வழியில்லை.

பலன் பார்க்கும்போது இரண்டு இடத்தில் ஏமாறலாம். இடைக்கணுப் புழுவின் முட்டை மீன்செதில் போல ஒன்றன்மேல் ஒன்றாக இலையில் இருக்கும். பொரியப்போகும் நல்ல முட்டையிலும் புழுவின் தலை கரும்புள்ளியாகத் தெரியும். அதை ஒட்டுண்ணி என்று எண்ணிவிடாதீர்கள். ஒட்டுண்ணி ஏறியது முழுதும் கறுத்திருக்கும். இன்னொன்று, இயற்கையாகவே வயலில் டிரைக்கோகிரம்மா உண்டு. அட்டை கட்டாத வயல் ஒன்றிலிருந்தும், காற்றில் குளவி வந்து சேராத தொலைவில், முட்டைக் குவியல்களைப் பறித்து எண்ணிப் பார்க்காமல் எத்தனை சதவீதம் என்று பேசுவதில் பொருளில்லை. கண்டிப்பான கணக்கு வெட்டும்போதுதான்: இரண்டு வயலிலும் நூறு நூறு கரும்பை எடுத்து, துளைபட்ட கணுக்களை எண்ணுங்கள்.