செத்தவன் சத்தம்தான் அதிகம்

நேற்று ராத்திரி வாலரண்டில், ஆன்லைனில் ஐந்துக்கு ஐந்து பேர் சுட்டுக்கொள்ளும் கேம், ஹேவன் மேப். ஸ்கோர் 11-12. எங்கள் டீமில் நான் ஒருத்திதான் மிச்சம், எதிரில் இரண்டு பேர். குண்டு வைக்கும் ஏ, பி, சி இடங்களில் சி சைட்டில் ஸ்பைக், அதாவது வெடிகுண்டு, ஓடிக்கொண்டிருக்கிறது. டிஃப்யூஸ் பண்ண முழுசாக 7 விநாடி வேண்டும். காலடிச் சத்தம் இடப்பக்கமா வலப்பக்கமா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்த நேரம் பார்த்து, முதல் ஆளாகச் செத்துப்போன புண்ணியவான் ஹெட்செட்டில் கத்துகிறான்: "சும்மா புடிச்சிட்டே இரு, விடாதே! ஐயோ, இதுகூடத் தெரியாதா?" அவன் கத்தலில் எந்தக் காலடியும் கேட்கவில்லை. பின்னாலிருந்து சுட்டார்கள். 11-13, தோற்றோம்.

"மியூட் போட்டுட்டு ஆடேன்" என்று எல்லாரும் சுலபமாகச் சொல்கிறார்கள். ஐந்து பேர் ஆடும் ஆட்டம் இது. எதிரி பி-யில் இருக்கிறான், ஏ-யில் யாருமில்லை என்று ஒருத்தர் சொல்லித்தான் இன்னொருத்தருக்குத் தெரியும். வாயை மூடவேண்டியவன் அவன், காதைப் பொத்திக்கொள்வது நான். என்ன கணக்கோ.

மும்பை சர்வரில் பாதிப் பேர் ஹிந்தியில் திட்டுவார்கள். எனக்கு அரைகுறை ஹிந்தி, அதனால் திட்டிலும் பாதிதான் வந்து சேரும். பெண் குரல் கேட்டதும் "சேஜ் எடு, ஹீல் பண்ணு" என்று காயம் ஆற்றும் கேரக்டரை என் தலையில் கட்ட ஆரம்பிப்பவர்களும் பழகிவிட்டார்கள். நான் கில்ஜாய்தான் எடுப்பேன். போன மாதம் வந்தவன்தான் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. தமிழ்ப் பையன், நம்ம ஊர்தான். முதல் மூன்று ரவுண்டு நன்றாகப் பேசினான். நடுவில் என் மைக்கில் கூட்ஸ் வண்டி ஹாரன் கேட்டு, எந்த ஏரியா என்றான். கொருக்குப்பேட்டை, கேட் பக்கம் என்றேன். "ஓ, வட சென்னையா? கத்தி எடுத்துட்டு வந்துடாதம்மா" என்று சிரித்தான். அப்புறம் நான் தோற்ற ஒவ்வொரு ரவுண்டுக்கும் அதே பாட்டு. எனக்குப் பதில் வரவில்லை. மறுநாள் பல் விளக்கும்போது வந்தது: வட சென்னை என்றால் செரியன் நகர் காசிமா, 2024 கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம். பிரயோஜனம்?

எங்கள் நைனா முப்பது வருஷமாக கேரம் கிளப் ஆசாமி. அங்கேயும் வாய் ஆட்டம் உண்டு. ஸ்ட்ரைக்கரில் விரல் வைக்கும்போதுதான் எதிரில் இருப்பவன் உன் கல்யாணத்தைப் பற்றி விசாரிப்பான். எல்லை மீறினால் பெரியவர் ஒருத்தர் "எழுந்திரு" என்பார், அவ்வளவுதான். எழுந்தவன் மறுநாள் சாயந்திரம் ஒன்றும் நடக்காத மாதிரி டீ கிளாஸோடு வந்து நிற்பான். அதே முகம், அதே பெஞ்சு.

நான் இப்போது செய்வது இது: முதல் ரவுண்டு வரை எல்லார் குரலையும் திறந்து வைப்பேன். செத்த ஆளைப் பார்த்துக் கத்துகிறவன் யாரோ, ஸ்கோர்போர்டைத் திறந்து அவன் குரலை மட்டும் மூடுவேன். மேப்பில் அவன் போடும் பிங், அந்த இடம் காட்டும் குறி, தெரியும், அது போதும். ரிப்போர்ட்டை ஆட்டம் முடிந்த பிறகுதான் எழுதுவேன். நடுவில் எழுதினால் நானும் செத்துத் தொலைவேன்.

ஒருநாள் கேமுக்குள் போனதும், நான் புகார் செய்த ஒருவர் மேல் நடவடிக்கை எடுத்ததாக அறிவிப்பு வந்தது. பெருமையாக நைனாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "யாரு அந்தப் பையன், எந்தத் தெரு?" என்றார்.

இன்று மறுபடி உட்கார்ந்தேன். நல்ல டீம், யாரும் கத்தவில்லை. 12-12, ஓவர்டைம். இரண்டு ரவுண்டு வித்தியாசம் வந்தால்தான் முடியும். அந்த நேரத்தில் தெருவுக்கே கரண்ட் போனது. மோடமும் போச்சு. பாதியில் ஓடியவள் என்று என் பேரில் தண்டனை ஏறும், அது சரி. நாலு பேர் இருட்டில் என்னை என்ன சொல்லித் திட்டிக்கொண்டிருப்பார்கள் என்று யோசித்தபடி விசிறியைத் தேடினேன்.