மூன்று வரி முன்னால்

அக்கா பேத்தி உஸ்பெகிஸ்தானில், அந்திஜானில் மருத்துவம் படிக்கிறாள். லீவுக்கு மாம்பலம் வந்தவள், ஒரு பொட்டலம் உலர்ந்த ஆப்ரிகாட்டை என் கையில் திணித்துவிட்டு, "சின்னப் பாட்டி, நாதிரானு ஒரு ராணி எங்க ஊர்லதான் பிறந்தாங்களாம். உங்களை மாதிரியே பழைய பாட்டைப் பிடிச்சுக்கிட்டவங்க" என்றாள்.

32 வருஷம் தமிழ் நடத்தியவளுக்கு இது போதாதா? தேடிப் படித்தேன்.

நாதிரா பிறந்தது 1792-இல். கோகந்தை ஆண்ட உமர் கானின் மனைவி. நாதிராவுக்கு முந்நூறு வருஷம் முந்தியவர் கவிஞர் அலிஷேர் நவாயி. கவிதை என்றால் பாரசீகம்தான் என்றிருந்த ஹெராத்தில் இருந்துகொண்டு, துருக்கி மொழி அதற்குச் சளைத்ததில்லை என்று 1499-இல் தனி நூலே எழுதியவர். (இந்தச் சண்டை நமக்குப் புதிதா என்ன!) நாதிரா அவருடைய கஜல்களை எடுத்து முகம்மஸ் கட்டினார். நவாயியின் இரண்டு வரிக்கு முன்னால் தன்னுடைய மூன்று வரி. அந்த மூன்றும் நவாயியின் முதல் வரியோடு இயைந்து முடிய வேண்டும்.

சிரித்துவிட்டேன். சிவஞான முனிவரின் சோமேசர் முதுமொழி வெண்பா! கீழே இரண்டடி முழுக் குறள், மேலே இரண்டடி அவருடையது, நடுவில் 'சோமேசா' என்று ஒரு விளி. நாதிராவிடம் நவாயியின் தாக்கம் என்று சொல்கிறார்கள். தாக்கம் என்றால் பின்னால் போவது போல இருக்கிறது. இந்த அம்மாள் முன்னால் போய் நிற்கிறார்.

இன்னொன்று. அந்தத் துருக்கி மொழியின் வழிவந்த உஸ்பெக்கில் அவன், அவள் இரண்டுக்கும் ஒரே சொல். ஆண் பாடிய வரியைப் பெண் ஓர் எழுத்தும் மாற்றாமல் தன்னுடையதாக்கிக்கொள்ளலாம். நாம் 'வந்தான்' என்ற இடத்திலேயே மாட்டிக்கொள்வோம்.

1822-இல் உமர் கான் இறந்தபோது நாதிராவுக்கு வயது 30. அப்புறம் பாடியதில் பிரிவு நிறைய. 1842-இல் கோகந்தைப் பிடித்த புகாரா அமீர் அவரையும் கொன்றுவிட்டார்.

நேற்று மத்தியானம் கரண்ட் இல்லை. நானும் உட்கார்ந்தேன். 'செல்லாமை உண்டேல் எனக்குரை மற்றுநின் வல்வரவு வாழ்வார்க் குரை'. இந்தப் பிரிவுக் குறளுக்கு முன்னால் இரண்டடி. வீட்டுக்காரர் போய் ஒன்பது வருஷம். முதலடி வந்துவிட்டது. இரண்டாமடியில், 'சோமேசா' வரவேண்டிய இடத்தில் அவர் பெயரைப் போட்டால் தளை தட்டுகிறது.

பேத்தி எட்டிப் பார்த்தாள். "தாத்தாவை நீங்க எப்போ பேர் சொல்லிக் கூப்பிட்டீங்க? 'என்னங்க'னு போடுங்க."