வானம் தெரிகிற பந்தல்: எருசலேமில் கூடாரப் பண்டிகை

வேதாகமத்தில் லேவியராகமம் 23-ஆம் அதிகாரத்தைச் சின்ன வயதிலிருந்தே வாசித்திருக்கிறேன். பஸ்கா, வாரங்களின் பண்டிகை, பாவநிவாரண நாள், கூடாரப் பண்டிகை என்று வரிசையாக வரும், வேகமாகத் தாண்டிப் போய்விடுவேன். அதில் ஒன்று ஒரு ஊர் முழுக்க பால்கனி பால்கனியாக ஓலை வேய்ந்து நிற்பதை எருசலேமில்தான் பார்த்தேன்.

பாளையங்கோட்டையிலிருந்து அத்தையும் நானும் ஒரு குழுவோடு போயிருந்தோம். போய் இறங்கியது யோம் கிப்பூர், அதாவது பாவநிவாரண நாள், முடிந்த மறுநாள். முந்தின நாள் சொட்டுத் தண்ணீர்கூட குடிக்காமல் உபவாசம் இருந்து மன்னிப்புக் கேட்ட ஊர், விடிந்ததும் சுத்தியலும் கையுமாகப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தது. நாலே நாளில் சுக்கோத், அதாவது கூடாரப் பண்டிகை. எகிப்திலிருந்து வந்த முன்னோர்கள் வனாந்தரத்தில் கூடாரங்களில் குடியிருந்ததை நினைத்து ஏழு நாளும் பந்தலில்தான் சாப்பாடு, பலருக்குத் தூக்கமும் அங்கேதான். அறுவடையைச் சேர்த்து முடிக்கிற காலமும் இதுவே என்பதால், "நம்ம அறுப்பின் பண்டிகை மாதிரில்லா இருக்கு" என்றாள் அத்தை.

மகனே யெஹூதா சந்தைப் பக்கம் பண்டிகைக்கு வேண்டிய நாலு வகைகளை விற்கிறார்கள். எத்ரோக் என்கிற பழம் நம் நார்த்தங்காய்க்கு உறவு, மஞ்சளாக, மேடும் பள்ளமுமாக இருக்கும். ஒரு பெரியவர் கண்ணில் லென்ஸை வைத்துக்கொண்டு ஒரே பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தோலில் புள்ளி இருக்கிறதா, நுனி உடையாமல் இருக்கிறதா என்று. கால் மணி நேரம் பார்த்துவிட்டு அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். கடைக்காரர் முகம் சுளிக்கவே இல்லை.

எத்ரோக்கோடு பேரீச்சங்குருத்து, மிருதுச்செடி (மிர்டில்), ஆற்றலரி (வில்லோ) மூன்றையும் சேர்த்துப் பிடித்து ஆட்டவேண்டும். பழத்துக்கு ருசியும் உண்டு, வாசமும் உண்டு; பேரீச்சைக்கு ருசி மட்டும், மிருதுவுக்கு வாசம் மட்டும், ஆற்றலரிக்கு இரண்டுமே இல்லை. மனிதரிலும் இப்படி நாலு விதம், ஆனால் அந்த ஆற்றலரி இல்லாவிட்டால் மற்ற மூன்றும் செல்லாது என்று யூத மரபில் விளக்கம் சொல்கிறார்கள். இதைக் கேட்டதிலிருந்து எங்கள் ஆலயத்தில் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்து சத்தமில்லாமல் போகிறவர்கள்தான் எனக்கு ஞாபகம் வருகிறார்கள்.

பண்டிகையின் முதல் ராத்திரி, விடுதிக்கு எதிர்வீட்டு வயதான தம்பதி, தினமும் அவர்கள் பந்தலையே பார்த்துக்கொண்டிருந்த எங்களைக் கை காட்டிக் கூப்பிட்டார்கள். விருந்தாளி இல்லாத பந்தல் அவர்களுக்குக் குறைதானாம். மேலே வேய்வது வெட்டின இலை தழையாகத்தான் இருக்கவேண்டும். நிழல் வெயிலைவிடக் கூடுதலாக இருக்கவேண்டும், ஆனாலும் இடுக்கு வழியே நட்சத்திரம் தெரியவேண்டும். அன்றைக்குப் பௌர்ணமி, அத்தையின் தட்டிலேயே நிலா வெளிச்சம் விழுந்தது.

அந்த வீட்டம்மா பண்டிகைகளைச் சாப்பாட்டை வைத்தே சொன்னார்கள். பஸ்காவுக்குப் புளிக்காத அப்பமும் கசப்புக் கீரையும், அதுவும் ஒரு பௌர்ணமியில்தான். நியாயப்பிரமாணம் கிடைத்த ஷாவுவோத்துக்கு, அதாவது வாரங்களின் பண்டிகைக்கு, பால் பலகாரம், வருஷப் பிறப்புக்குத் தேனில் தொட்ட ஆப்பிள், விளக்கேற்றும் பண்டிகையான ஹனுக்காவின் எட்டு நாளும் எண்ணெயில் பொரித்தது. யூத நாள்காட்டியில் ஆப் மாதம் ஒன்பதாம் தேதி சாப்பாடே இல்லை, உபவாசம். எருசலேமின் பழைய தேவாலயங்கள் இரண்டும் இடிந்த நாள் என்று தரையில் உட்கார்ந்து புலம்பல் புத்தகத்தை வாசிப்பார்களாம். இத்தனையும் எனக்கு வேதாகமத்தில் வெறும் பெயராகவே இருந்தது, இவர்களுக்கு நாக்கிலும் முழங்காலிலும் இருக்கிறது.

அப்புறம் மேற்குச் சுவர், பழைய தேவாலய வளாகத்தில் இன்னும் மிஞ்சி நிற்கிற சுவர். பண்டிகையின் நடுவில் ஒரு காலை ஆசாரிய வம்சத்தார் கூட்டமாக நின்று ஆசீர்வாதம் சொல்லும் நாள். பெண்கள் பக்கத்தில் நகரவே இடமில்லை. தலைக்குமேல் வெள்ளைச் சால்வையை இழுத்து மூடி, அதற்குள் கைகளை உயர்த்தி அவர்கள் எபிரெயத்தில் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்கள். அத்தைக்கு எபிரெயம் தெரியாது. எண்ணாகமம் ஆறாம் அதிகாரம் என்று மட்டும் அவள் காதில் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு, நம் ஆலயத்தில் ஆராதனை முடிவில் பாதிரி ஐயர் சொல்கிற அதே இழுவையில், "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்" என்று அத்தை தமிழில் சொல்ல ஆரம்பித்தாள், முன்னால் நின்ற ஒரு யூதப் பாட்டி திரும்பிப் பார்த்து, கொஞ்சம் நகர்ந்து, அவளுக்குச் சுவர் தெரிகிற மாதிரி இடம்விட்டார்.